ஹாலோவீன் உடை தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில், அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு உடைகள் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஒரு பைக்குள் ஒரு முழு வேடம் என்றுதான் இன்று விற்கிறீர்கள். உதிரியாகக் கிடைப்பதெல்லாம் ஏதோ ஒரு மூலையில் பூனைக் காதும் சூனியக்காரித் தொப்பியும்தான். இதைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் கிழிந்த துணியைச் சுற்றி, முகத்தில் கரி பூசி, வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கி வந்தார்கள். வந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக்கூடாது, அவ்வளவுதான். குடியேறியவர்களோடு இந்த வழக்கமும் கப்பலேறியது. அப்புறம் மாசசூசெட்ஸில் இருந்த டென்னிசன் நிறுவனம், தன் கிரேப் தாள் (சுருக்கம் வைத்த மெல்லிய வண்ணத்தாள்) முதலிய காகிதப் பொருட்களை விற்பதற்காக 1909இல் ஒரு ஹாலோவீன் கையேடு போட்டது. தாளில் உடை செய்வது எப்படி என்று பின்னாளில் வந்த கையேடுகள் படம் போட்டுச் சொல்லின. சட்டென்று தீப்பிடிக்கிற தாள்தான், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனம் பெரும்பாலும் தாளைத்தான் விற்றது. பலர் வேடத்தை வீட்டில் செய்துகொண்டார்கள்.

1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள் வேடத்தைப் பெட்டிக்குள் அடைத்தன. எலாஸ்டிக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி, கூடவே ஒரு மேலங்கி. தைக்க நேரமில்லாத அம்மாக்களுக்கு அந்த மலிவு விலை பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பைடர்மேன் வேடம் போட்ட பையனின் நெஞ்சில் ஸ்பைடர்மேன் படத்தையே அச்சடித்தார்களே, அது வேடமா விளம்பரமா?

1978இல் 'ஹாலோவீன்' என்ற திகில் படத்தின் குழு, கொலைகாரனின் முகத்துக்காக என்ன செய்தது தெரியுமா? கடையில் விற்ற, 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை வாங்கி, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெள்ளை பெயிண்ட் அடித்தது. அப்படிக் கைவேலையில் பிறந்த முகத்தைத்தான் உங்களில் சிலர் இன்று அச்சுப் பிசகாமல் விற்கிறீர்கள்.

இன்னொன்று. 2011இல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர்கள், எங்கள் பண்பாடு உங்களுக்கு வேடமல்ல என்று சுவரொட்டி போட்டார்கள். அதற்குப் பிறகும் இறகுத் தலைப்பாகை வைத்த 'அமெரிக்கப் பூர்வகுடி' உடைகள் விற்பனைக்கு வருகின்றன. சரி, அவற்றை நிறுத்துவதற்கு மாணவர் போராட்டம்தான் தேவையா?

நான் கேட்பது சின்ன விஷயம். வால், இறக்கை, கவசம், மேலங்கி எல்லாவற்றையும் தனித்தனியாகவும் விற்றுப் பாருங்கள். அக்டோபர் கடைசிக் குளிரில் கோட்டுக்கு மேல் போடுகிற மாதிரி அளவு வையுங்கள். கோட்டுக்குள் மறைந்துபோகும் சூப்பர்மேனால் யாருக்கு என்ன லாபம்? சக்கர நாற்காலியைக் கப்பலாக மாற்றும் உறைகளை டார்கெட் கடைகள் விற்றிருக்கின்றன, அந்த மாதிரி இன்னும் செய்யலாம்.

என் மகளுக்கு இந்த வருடம் வௌவால் இறக்கை மட்டும் போதும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அப்பா