கண்ணாடி மாடத்துக்கு முன்னால் ஓடிய எஞ்சின்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க நெடுந்தூர ரயில்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். சிக்காகோவில் இருந்து கலிபோர்னியாவுக்கு ஓடிய கலிபோர்னியா செஃபையர் ரயிலின் கண்ணாடி மாடப் பெட்டியில் இருந்து மலையைப் பார்ப்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ரயிலை இழுத்த எஞ்சினுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார். நீராவி போய் டீசல் வந்ததோடு ரயிலின் அழகும் போய்விட்டது என்கிறார் அந்த வரியில். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

அவர் ரசித்த கண்ணாடி மாடமே டீசல் எஞ்சினுக்குள் பிறந்ததுதான். 1944இல் ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் எஞ்சின் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சைரஸ் ஆஸ்பர்ன். கொலராடோவின் கிளென்வுட் மலை இடுக்கு வழியாக ஒரு டீசல் எஞ்சினின் சாரதி அறையில் ஏறிப் போனார். நீராவி எஞ்சினில் சாரதிக்கு முன்னால் நீண்டு கிடப்பது கொதிகலன். எட்டிப் பார்த்தால்தான் பாதை தெரியும். டீசலில் முன்னுக்கும் பக்கத்துக்கும் கண்ணாடி. ஆறும் பாறையும் வானமும் ஒன்றாகக் கண்ணுக்குள் வருகின்றன. காசு கொடுத்து வரும் பயணிக்கு இந்தக் காட்சி கிடைக்கவில்லையே என்று ஆஸ்பர்னுக்குப் பட்டது. அந்த யோசனையைப் பர்லிங்டன் ரயில் கம்பனி எடுத்துக்கொண்டு, தன் பட்டறையில் பழைய பெட்டி ஒன்றின் கூரையைத் திறந்து மாடம் கட்டியது. 1945இல் வெளிவந்த அந்த 'சில்வர் டோம்'தான் முதலாவது. அந்தப் பட்டறை இருந்த, சிக்காகோவுக்குப் பக்கத்து அரோரா நகரில்தான் நான் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன்.

'டீசல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டதும் எனக்குக் குறையாகவே பட்டது. எல்லா எஞ்சினும் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் 'ஈ' வகை சமவெளிக்கென்றே பிறந்தது. நீண்ட உடம்பு, உள்ளே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டு. ஈ7இல் 2,000 குதிரைவலு, ஈ8இல் 2,250, ஈ9இல் 2,400. டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டும். ஈ வகைக்கு ஆறு அச்சு உண்டு, ஆனால் மோட்டார் நாலுக்குத்தான். முன்னால் மூன்று, பின்னால் மூன்று என நிற்கும் அச்சுகளில், ஒவ்வொரு மூன்றிலும் நடுவில் உள்ளது பாரம் தாங்க மட்டுமே. அதனால் வேகத்தில் ஆடாமல் அசையாமல் போகும். தண்டவாளத்துக்கும் நோவு குறைவு.

ஏற்றத்தில் அதுவே குறையாகிவிடும். பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுக்காத சக்கரங்களின் மேல் இருந்தால் தண்டவாளத்தில் பிடி எப்படி இருக்கும்? மெதுவாக ஏறும்போது மோட்டார்களும் சூடேறும். சிக்காகோவில் இருந்து லொஸ் ஏஞ்சலீஸ் போன சாண்டா ஃபே கம்பனியின் சூப்பர் சீஃப் ரயில், ரேட்டன் கணவாயில் நூறு அடிக்கு மூன்றரை அடி ஏற வேண்டும். 1937இல் அதற்கென வந்தது ஈ1. லேலண்ட் நிக்கர்பொக்கர் வரைந்த சிவப்பு மூக்கு, மஞ்சள் கோடு, பின்னால் வெள்ளி உடம்பு எல்லாம் அதில்தான் முதலில் பூசப்பட்டன. போருக்குப் பிறகு சாண்டா ஃபே அந்த ரயிலை 'எஃப்' வகைக்கு மாற்றியது. எஃப்3 ஒன்றுக்கு 1,500 குதிரைவலுதான், ஆனால் நாலு அச்சும் இழுக்கும். நாலு எஞ்சினைக் கோத்தால் 6,000 குதிரைவலு. நடுவில் இருக்கும் இரண்டுக்குச் சாரதி அறையே இல்லை. முன்னால் இருக்கும் ஒரே சாரதி நாலையும் சேர்த்து ஓட்டுவார். நீராவிக் காலத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி ஆட்கள் வேண்டும். போதாததற்கு அரிசோனா, நியூ மெக்சிகோ வரட்சியில் கொதிகலனுக்குத் தண்ணீர் தேடுவதே பெரும்பாடு.

கலிபோர்னியா செஃபையர் 1949 முதல் 1970 வரை ஓடியது. அதை ஒரு எஞ்சின் முழுத்தூரமும் இழுக்கவில்லை. சிக்காகோவில் இருந்து டென்வர் வரை பர்லிங்டனின் ஈ வகை. அங்கிருந்து மொஃபட் சுரங்கத்தைக் கடந்து சால்ட் லேக் வரை ரியோ கிராண்டே கம்பனியின் எஃப் வகை. தொடக்கத்தில் ஆல்கோ கம்பனியின் பிஏ எஞ்சின்களும் வந்தன. அதற்கப்பால் வெஸ்டர்ன் பசிபிக் கம்பனியின் எஞ்சின்கள். மாடத்தில் இருந்தவருக்கு மலை மாறுவது தெரிந்திருக்கும். அந்த மலைக்கு ஏற்ற எஞ்சின் முன்னால் மாறியதும் அதே பயணத்தின் கதைதான்.

இன்னொன்று. அந்த எஞ்சின்களின் பின்பக்கம் ஒரு சிறு கொதிகலன் இருந்தது. பெட்டிகளைச் சூடாக்க நீராவி வேண்டுமே! நீராவியை ஒழித்ததாகச் சொல்லப்படும் டீசல், இருபது முப்பது வருடம் நீராவியைச் சுமந்துகொண்டுதான் ஓடியது. பனிக்காலத்தில் பெட்டிக்குப் பெட்டி இணைப்பில் வெள்ளையாகக் கசிந்தது அதுதான். அந்தக் கொதிகலன் நின்றால் பயணிகள் விறைத்துப்போவார்கள். 1971இல் நாடு முழுதுக்குமான பயணிகள் ரயில் நிறுவனமாக ஆம்ட்ராக் தொடங்கியபோது இந்தப் பழைய ஈ எஞ்சின்களையும் நீராவியால் சூடாகும் பெட்டிகளையும்தான் கையேற்றது. 1976இல் எஃப்40 வகை எஞ்சின் வந்து, எஞ்சினில் இருந்தே பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய பிறகே அந்தத் தலையிடி படிப்படியாகத் தீர்ந்தது.

நான் 1989இல் இங்கு வந்தேன். அப்போது அரோராவில் இருந்து சிக்காகோவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயிலை இழுத்தவை, பச்சை பூசிய பழைய ஈ எஞ்சின்கள். பர்லிங்டனின் நெடுந்தூர ரயில்களை இழுத்து ஓய்ந்தவை அவை. முதல் மாரிகாலம், விடியற்காலை, காது மடல் எரிகிற குளிர். மேடையின் முன்முனைக்கு நடந்து போனேன். உள்ளே இரண்டு எஞ்சினும் ஒரே தாளத்தில் ஓடாது. ஒன்று மற்றதை நெருங்கும், விலகும். ஒலி எழும்பி எழும்பித் தணியும். காலுக்குக் கீழே மேடை அதிர்ந்தது. எனக்கு யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. கொழும்பு ரயிலான யாழ்தேவி வரும் முன்னம் அப்பா என் கையை இறுக்கிப் பிடிப்பார். நாங்கள் அதைக் கோச்சி என்போம்.

அது கற்பனை ஒப்பீடு அல்ல என்று பின்னாளில் அறிந்தேன். 1954 முதல் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளிடை உதவித் திட்டத்தில் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 எஞ்சின்களுக்குள் இருந்தது, ஈ9இல் இரண்டாக இருக்கும் அதே பன்னிரண்டு சிலிண்டர் 567 வகைதான். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம், பெயர் அதனால் வந்தது. ஆறு அச்சில் நடு அச்சு சும்மா இருப்பதும் அப்படியே.

அரோராவில் இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் காரோட்டத்தில் யூனியன் என்ற சிற்றூரில் இலினோய் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1940-41இல் பர்லிங்டனுக்கென்று எவர்சில்வர் தகடு போர்த்திக் கட்டிய ஈ5 எஞ்சின்களில் மிஞ்சியிருப்பது 'சில்வர் பைலட்' ஒன்றுதான். அது அங்கே நிற்கிறது, நிற்பது மட்டுமல்ல, சில நாள்களில் பழைய நெப்ராஸ்கா செஃபையர் ரயிலின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடவும் செய்கிறது. பக்கத் தகட்டில் கைவைத்துப் பார்த்தேன். நீள நீளமான வரிகள், வெயிலில் சுட்டன. இதற்கு அழகில்லை என்பவர் ஒருமுறை வந்து பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கட்டுரையோடு அச்சிட்ட படத்தின் இடது ஓரத்தில் எஞ்சின் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப்படமும் உங்களிடம் இருக்குமானால், அடுத்த இதழில் அதை மூக்கோடு சேர்த்து வெளியிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்
அரோரா, இலினோய்