செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கிருஷ்ணகிரி வட்டார லாரி உரிமையாளர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு பன்னிரண்டு முறை கூடியிருக்க வேண்டும். ஏழு முறைதான் கூடியது. அதிலும் மூன்று கூட்டம் ஆள் சேராமல் ஒத்திவைக்கப்பட்டது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். மறைந்த உறுப்பினர் இருவரின் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்கினோம்.

டிரைவர் ஓட்டும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் வண்டியில் பொருத்திய கருவி மூலம் பதிவு செய்யும் எலக்ட்ரானிக் லாக்புக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கப் பணத்தைச் செயலாளர் கருவி வாங்கி வீணடிக்கிறார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

நம் உறுப்பினர் ஒருவரின் வண்டி நாக்பூரிலிருந்து ஆரஞ்சு லோடோடு மதுரைக்குப் போகும்போது, விடியற்காலை நாலு மணிக்குத் தொப்பூர் இறக்கத்தில் தடுப்புச் சுவரில் ஏறியது. டிரைவருக்குக் கால் முறிந்தது, உயிர் தப்பினார். இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டபோது, டிரைவர் கையால் எழுதி வைக்கும் டிரிப் ஷீட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். மூன்று நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. ஒவ்வொரு நாளும் 'இரவு 10 முதல் காலை 6 வரை ஓய்வு' என்று இருந்தது. உரிமையாளரின் போனில் ஃபாஸ்டேக் பணம் பிடித்த மெசேஜ்களைப் பார்த்தேன். நள்ளிரவு ஒரு மணிக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று. கடைசி மெசேஜ் பாளையம் டோல்கேட், மூன்றே முக்கால். அந்த டிரைவர் பொய் எழுதினார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படி எழுதிப் பழக்கியது நாம்தான்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. வெளிமாநிலம் ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்ற விதி 2018-ல் நீக்கப்பட்ட பிறகு, டில்லி வரைகூட ஒரே ஆளை அனுப்புகிறோம். அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் இன்ஜினோடு இணைந்த லாக்புக் கட்டாயம். 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் அங்கே ஓட்டலாம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும்.

நம்மில் ஒன்பது பேர் முன்வந்து பதினான்கு வண்டிகளில் கருவி பொருத்தினோம். ஓட்டம், வேலை, ஓய்வு, தூக்கம் என்று டிரைவரின் போனில் நாலு பொத்தான். வண்டி நகர்ந்தால் ஓட்டம் தானாகவே பதிவாகும், அதை யாரும் திருத்த முடியாது. முதல் மாத ரிப்போர்ட் வந்ததும் எல்லோருக்கும் போதிய ஓய்வு கிடைக்கிறது என்று நான் மகிழ்ந்துபோனேன். மாங்கூழ் கண்டெயினர் ஏற்றிக்கொண்டு துறைமுகம் போய் வந்த ஒரு டிரைவர்தான் என் கண்ணைத் திறந்தார்.

"அண்ணா, வண்டி நின்னா ஓய்வுன்னு காட்டுது. ராத்திரி பூரா வரிசையில பத்தடி பத்தடியா நகர்த்திட்டு இருந்தேன். கண்ணே மூடலீங்கண்ணா."

எடுத்துப் பார்த்தால் ஒரே இரவில் இன்ஜின் முப்பது தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகியிருந்தது. இடையில் இருந்த நேரமெல்லாம் ஓய்வுக் கணக்கில் சேர்ந்திருந்தது. அன்று முதல், லோடு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்தை வேலை என்றே கணக்கிடுகிறோம். தூக்கம் பொத்தானை அழுத்தி, இன்ஜின் தொடர்ந்து அணைந்திருந்தால்தான் அது தூக்கம். இதற்காகக் கருவி கொடுத்தவர்களிடம் நான் நாலு முறை ஓசூருக்கு அலைந்தேன்.

மனம் வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. சில உரிமையாளர்கள் இந்த லாக்புக்கை வைத்தே 'தாபாவில் ஏன் ஒரு மணி நேரம் நின்றாய்' என்று கேட்டு டிரைவரின் தினப்படிப் பணத்தில் கை வைத்தார்கள். அதன்பிறகு இரண்டு வண்டிகளில் கருவியின் ஃபியூஸ் கழற்றப்பட்டிருந்தது. நான் அந்த டிரைவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நேரம் தாண்டியதும் அலாரம் டிரைவருக்கும் அடிக்கிறது, உரிமையாளர் போனிலும் அடிக்கிறது. நிறுத்து, தூங்கிவிட்டுப் போ, லோடு பார்ட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியவர் உரிமையாளர். அவர் போனை எடுக்காவிட்டால் அலாரம் அடித்து என்ன பயன்?

கருவிப் பயிற்சி நாளன்று டிரைவர்கள் இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் சிலர் இரவெல்லாம் ஓட்டி வந்து அப்படியே உட்கார்ந்தவர்கள். உரிமையாளர்கள் வந்தது நாலு பேர். செயற்குழுவிலிருந்து பொருளாளரும் நானும் மட்டுமே.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சந்தா, நன்கொடை வரவில் ஆபீஸ் வாடகை, முகாம், உதவித்தொகை போகச் சிறு தொகை கையிருப்பு உள்ளது. கருவி விலையில் பாதியைத்தான் சங்கம் கொடுத்தது, மீதி அந்தந்த உரிமையாளர் பணம். சிம் கட்டணத்தில் ஒரு பகுதியை நான் கையிலிருந்து கட்டியிருக்கிறேன், அது கடனாக எழுதப்பட்டுள்ளது. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்போரும் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், முகாமுக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி எனக்கு முன்பே வந்து திறந்து வைக்கும் அம்மாவுக்கும் நன்றி.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்லதுதான். ஆனால் தூங்க நேரம் கொடுக்க வேண்டியது நாம். பதினான்கு கருவிகளின் சிம் கட்டணமும் மாதக் கடைசியில் முடிகிறது. இன்னொரு முறை என் கையால் கட்ட வசதியில்லை. அடுத்த ஆண்டும் நானே இருக்க வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்கிறீர்கள். பதினான்கு வண்டி முப்பது வண்டியானால் இருக்கிறேன். சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசல் மேஜையில் உள்ள நோட்டில் வண்டி எண்ணை எழுதுங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்