வரைபடத் தலைப்பை நாங்களே மாற்றிக்கொள்ள விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையளவு, அணை நீர்மட்டம், தேர்தல் முடிவு, தேர்ச்சி விகிதம் என்று எல்லாமே இப்போது சொடுக்கிப் பார்க்கிற வரைபடங்களாக வருகின்றன. மாவட்டத்தை மாற்றினால் கோடு மாறுகிறது, வருடத்தை நகர்த்தினால் கம்பங்கள் ஏறி இறங்குகின்றன. தலைப்பையும் அச்சுகளில் உள்ள எழுத்தையும் மட்டும் தொட முடிவதில்லை. அதையும் தொட விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல் மொழியில், இணையச் செயலிகள் செய்ய உதவும் ஷைனி என்ற தொகுப்பைக் கொண்டு மாணவர்களுக்கு இப்படிச் சில செயலிகள் செய்து தருவதும் உண்டு.

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் யாரைக் கேட்டாலும் அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பார்கள். பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் டீக்கடையில் பேச்சே இதுதான். மத்திய நீர்வள ஆணையத்தின் கணக்கிலோ அதே அணையின் முழு மட்டம் 240.79 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அளப்பதால் வரும் எண் இது. அடியில் சொன்னால் 790. கொள்ளளவு பில்லியன் கன மீட்டரில் இருக்கும். இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் செங்குத்தாக நிற்கும் ஒய் அச்சில் ‘லெவல்’ என்று மட்டும் போட்டு 235, 240 என்று எண்களை அடுக்கிய படத்தை ஒரு விவசாயியிடம் காட்டினால், இது எந்த ஊர் அணை என்று கேட்பார். அந்த இடத்தில் ‘கடல் மட்டத்திலிருந்து, மீட்டரில்’ என்று நானே தட்டிக்கொள்ள ஒரு பெட்டி இருந்தால் போதும். அடிக்கு மாற்றிக் காட்டும் வசதியும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது பெரிய வேலையும் இல்லை. ஷைனி 2012-இல் வந்தது. எழுத்துப் பெட்டியும் தெரிவுப் பட்டியலும் அதன் ஆரம்பப் பாடங்களிலேயே உண்டு. சொடுக்கிப் பார்க்கிற படங்களை வரையும் பிளாட்லி என்ற தொகுப்பில் ஓர் அமைப்பை இயக்கிவிட்டால் தலைப்பின் மீதே சொடுக்கித் திருத்தலாம். கவனம் வேண்டியது வேறு இடத்தில். ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் படம் மறுபடி வரையப்பட்டால் பார்க்கவே முடியாது. ‘மாற்று’ என்று ஒரு பொத்தான் வைத்துவிடலாம். பெட்டியைக் காலியாக விட்டால் பழைய தலைப்பு நிற்க வேண்டும். அப்புறம், எனக்கு ரொம்பவே எரிச்சல் தருவது ஒன்று: திரையில் தலைப்பு மாறியிருக்கும், பதிவிறக்கிப் பார்த்தால் பழையதே இருக்கும். திரைக்கு ஒரு நிரல், பதிவிறக்கத்துக்கு இன்னொரு நிரல் என்று தனித்தனியாக எழுதுவதால் வரும் கோளாறு இது.

தோற்றத்தையும் தேர்ந்தெடுக்க விட வேண்டும். ஆர் மொழியில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட் தொகுப்பின் வழக்கமான பின்னணி சாம்பல் நிறம். திரையில் அழகாகத்தான் இருக்கும். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் எடுத்தால் தாள் முழுக்க அழுக்குப் படிந்தது போல வரும். வெள்ளைப் பின்னணித் தோற்றங்கள் அதே தொகுப்பில் சும்மா கிடக்கின்றன. நிறமும் அப்படியே. குறைந்த மழைக்குச் சிவப்பு, நிறைந்த மழைக்குப் பச்சை என்று போடுகிறார்கள். என் மாணவன் ஒருவனுக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஜெராக்ஸ் தாளில் நம் எல்லோருக்குமே அதே கதிதான். பைத்தான் நிரல் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப் தொகுப்புக்காக 2015-இல் உருவாக்கிய விரிடிஸ் நிறவரிசை கருஊதாவில் தொடங்கி, பச்சை வழியாக மஞ்சளில் முடியும். கறுப்பு வெள்ளையாக்கினாலும் எது கூட, எது குறைவு என்பது குழம்பாது.

சோதிக்கும்போது தமிழில் தட்டிப் பார்க்கவும் வேண்டும். உலாவியே எழுத்தை வரைகிற படங்களில் தொல்லை இல்லை. எங்கள் கணினி அறையில் உள்ள மேட்பிளாட்லிப் பதிப்பில் ‘மேட்டூர்’ என்று கொடுத்தால் கொம்பு ‘ம’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் அதுவும் கிடையாது, வெறும் கட்டங்கள்தான்.

தலைப்பை மாற்ற விட்டால் பொய்த் தலைப்பு போட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடுவார்கள்தான். அதனால் தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி வரைக்கும், என்ன அலகு என்கிற அடிவரியை மட்டும் யாரும் அழிக்க முடியாதபடி வைக்கலாம். ‘தலைப்பு பயனர் எழுதியது’ என்று அதிலேயே சேர்ந்து வரட்டும். கம்ப வரைபடத்தில் ஒய் அச்சு பூஜ்யத்தில் தொடங்குவதையும் மாற்ற விடக் கூடாது என்பேன். எழுத்தை மாற்றுவது வேறு, கம்பத்தின் உயரத்தில் விளையாடுவது வேறு.

இப்படிச் செயலிகளைச் செய்து வாங்கும் அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதையெல்லாம் எழுதிக் கேட்டுவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் தனியாகக் காசு கேட்பார்கள். மழைக்காலத்தில் உங்கள் இணையதளத்தில் அணை நீர்மட்டப் படம் போடும்போது, நீங்களும் முதலில் அந்த ஒய் அச்சுக்கு ஒரு பெட்டி வைத்துப் பாருங்களேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.