திருவொற்றியூர் பழைய நகராட்சியின் ஏடுகளை ஊரிலேயே காத்து வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருவொற்றியூர், காலடிப்பேட்டை பகுதிவாசிகள்
(கையொப்பமிட்டோர் பட்டியல் இணைப்பில்)
சென்னை – 600 019.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை – 600 003.

பொருள்: முன்னாள் திருவொற்றியூர் நகராட்சியின் பதிவேடுகளைக் கணக்கெடுத்து, படியெடுத்து, திருவொற்றியூரிலேயே பார்வைக்கு வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2011 அக்டோபரில் எங்கள் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போது கத்திவாக்கம், மணலி, மாதவரம் உட்பட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. நாங்கள் முதல் மண்டலம் ஆனோம். இணைப்பு நல்லதா கெட்டதா என்ற வழக்கை இந்த மனுவில் நாங்கள் இழுக்கவில்லை. தேரடி டீக்கடையில் அது இன்னும் முடியவில்லை. நாங்கள் கேட்பது, நகராட்சி நடந்த காலத்தில் எழுதப்பட்ட மன்றத் தீர்மானப் புத்தகங்கள், சொத்து வரிப் பதிவேடுகள், தெரு வரைபடங்கள் ஆகியவற்றைப் பற்றி மட்டும்தான்.

எழுதி வைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. தியாகராசர் கோயில் சுவர்களில் பல்லவர் காலம் தொட்டு நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனோடு சாகாமல் தப்பினோமே என்று நாணி, கங்கையாடி, துறவு பூண்டு இங்கே வந்து மடத்துக்குத் தலைவரான சேரநாட்டு வீரர் சதுரானன பண்டிதரின் கதை அங்கே கல்லில் இருக்கிறது. இராசேந்திர சோழன் காலத்தில் கருவறை விமானத்தைக் கல்லால் எடுத்துக் கட்டிய தச்சரின் பெயர்கூட இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல் செதுக்கியவர் பெயர் எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் எந்த ஆண்டு வந்தது, அதற்கு மன்றத்தில் யார் குரல் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு தாள் கையில் இல்லை.

1708-ல் நவாபு தாவூத் கான் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் ஒன்று. கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் மற்ற நான்கு. மதராஸ் மாநகராட்சிக்கு அப்போது இருபது வயது. அது 1688-ல் பிறந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்குள் நாங்கள் போய்ச் சேர மேலும் 303 ஆண்டுகள் ஆயின. இடையில் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தித் தன் பெயரில் ஒரு பேட்டை அமைத்தார். காலெட் பேட்டைதான் வாய்க்கு வாய் மாறிக் காலடிப்பேட்டை ஆனது. இன்று மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்கள், 'இது யாருடைய காலடி?' என்று எங்களைக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்கிறோம்.

பிறகு ஆலைகள் வந்தன. எம்.ஆர்.எஃப். 1946-ல் இங்கே ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. என்ஃபீல்டு புல்லட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான். தீப்பெட்டி ஆலையான விம்கோ போய்விட்டது. ரயில் நிலையம் புண்ணியத்தில் பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஷிப்டு சங்குக்கு எழுந்து, சங்குக்கே படுத்த அந்தத் தலைமுறைக்கு வீடு, தெருவிளக்கு, சாக்கடை என்று எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது உள்ளூர் நிர்வாகம்தான். அது எப்படிச் சமாளித்தது, எங்கே கோட்டைவிட்டது என்ற இரண்டும் தீர்மானப் புத்தகங்களில்தான் கிடைக்கும்.

இந்த மனுவை எழுத எங்களைத் தூண்டியது கடல். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் அதற்கு வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது தாங்கள் அறிந்ததே. எங்கள் மீனவர் குப்பங்களில் வீடும் தெருவுமாகக் கடலுக்குள் போன இடங்கள் உண்டு. இப்போது அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறது; கல்லுக்கு அப்பால் அலை. 'எங்க வீடு அதோ, அந்தத் தோணி நிக்கிற இடத்துல இருந்துச்சு' என்று வயதானவர்கள் கை நீட்டிக் காட்டுகிறார்கள். பட்டா இல்லாத வீடுகளுக்கும் சில இடங்களில் வரி ரசீது இருந்தது. அந்த வீட்டு எண், வரி கட்டியவர் பெயர், செலுத்திய தொகை எல்லாம் பழைய வரிப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஏடும் போய்விட்டால், அங்கே ஒரு தெரு இருந்தது என்பதற்குக் கை நீட்டுகிறவர்களின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இராது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இங்கே அடிக்கும் உப்புக்காற்றில் இரும்பு பீரோவே தாங்குவதில்லை, தாள் எம்மாத்திரம்.

ஆகவே, முன்னாள் நகராட்சியின் ஏடுகளில் எவை எங்கே உள்ளன என்று முதலில் ஒரு பட்டியல் எடுக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். பட்டியல் வரும்வரை எதையும் கழிவுத்தாளாக ஒதுக்க வேண்டாம். மூல ஏடுகளை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவதென்றால் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஸ்கேன் செய்த படி ஒன்று மண்டல அலுவலகத்திலோ ஊர் நூலகத்திலோ, ஒரு மேசை நாற்காலியோடு, யாரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பொதுப் பார்வைக்குத் திறக்கச் சொல்லவில்லை. அவை பத்திரமாக இருந்தால் போதும். ஏடுகளைப் பிரித்து அடுக்கவும் பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்லவும் எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் சம்பளமின்றி வரத் தயாராக உள்ளோம். கூடவே, காலடிப்பேட்டையில் பெயர் வந்த கதையைச் சொல்லும் பலகை ஒன்றும் வைத்துத் தந்தால், ஆளுக்கொரு பதில் சொல்லும் வேலை எங்களுக்கு மிச்சமாகும்.

வரும் மழைக்காலத்துக்கு முன் பட்டியல் வேலை தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திருவொற்றியூர், காலடிப்பேட்டை பகுதிவாசிகள்
(ஒப்பம்)

இடம்: திருவொற்றியூர்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், கடலரிப்பில் வீடிழந்த குடும்பத்தினர் வைத்திருக்கும் பழைய வரி ரசீதுகளின் நகல்கள்.