அத்தான் கேட்ட கார்டு

ஸ்கார்பரோ,
தை 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீ, அத்தான், பெரியவன், சின்னவள், அம்மா எல்லோரும் நலமா? உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டு. போனில்தான் பேசிக்கொள்கிறோமே என்ற சோம்பல். ஆனால் அத்தான் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. பாதியிலேயே "சரி சரி, இந்தா அம்மாகிட்ட குடுக்குறேன்" என்று நழுவிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். அவருக்கு நீயே வாசித்துக் காட்டு.

குளிர் கேட்டிருந்தாய். இந்த வாரம் மைனஸ் 18. பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றால் போன் பேட்டரி தானாகச் செத்துவிடுகிறது. அதனால் பஸ் கட்டணம் தட்டுவதற்கென்று கார்டு ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். நான் இருக்கும் கீழ்த்தளம் கதகதப்பாகத்தான் இருக்கிறது, ஜன்னல் சின்னது என்பதால் சூடு வெளியே போகாது. கவலைப்படாதே.

இனி அத்தான் விஷயம். சென்னை ஏர்போர்ட்டில் டெபிட் கார்டைக் காட்டி, இரண்டு ரூபாய் தேய்த்து, விமானம் ஏறுமுன் காத்திருக்கும் லவுஞ்ச் அறையில் கேசரியும் வடையும் சாப்பிட்டதிலிருந்து அவருக்கு கார்டு என்றால் ஒரே மயக்கம். "மாப்ளே, அங்க பிளாட்டினம் கார்டு வாங்கினா ஃப்ரீயா டிக்கெட் வருமாமே, வைகாசியில சின்னவ காதுகுத்துக்கு அதுல வந்துடேன்" என்று எழுதியிருக்கிறார். நானும் யோசிக்காமல் இல்லை. பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் பெரியவர் இதில் கரை கண்டவர். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் ஏழு கார்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு. எந்தத் தேதியில் ஆண்டுக் கட்டணம் விழும், அதற்கு எத்தனை நாள் முன்னால் ரத்து செய்ய வேண்டும் என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து தன் வாசல் பனியோடு நம் வாசல் பனியையும் தள்ளிவிட்டு, உப்பும் தூவிவிட்டு, கார்டு பற்றி வகுப்பெடுப்பார். அவரிடம் கேட்டும் வங்கித் தாள்களைப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கனடாவில் அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், பிளாட்டினம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 799 டாலர். கணக்குக்கு டாலர் 60 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 48,000. இதில் 200 டாலரைப் பயணச் செலவுக்குத் திருப்பித் தருகிறார்கள், அவர்கள் வழியாகப் பதிவு செய்தால். இன்னொரு 200 டாலர் சாப்பாட்டுக்கு. ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள பெரிய ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான். நம் மாதிரி ரசமும் அப்பளமுமாக இருப்பவனுக்கு அந்த 200 இருந்தும் இல்லாத மாதிரி. மீதி 599 டாலருக்கு லவுஞ்ச் கதவு திறக்கும். வெளியில் காசு கொடுத்துப் போனால் ஒரு தடவைக்குச் சுமார் 50 டாலர். போக இரண்டு, வர இரண்டு என்று நாலு தடவை உட்கார்ந்தாலும் 200தான். அதுவும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால்தான் உள்ளே விடுவார்கள், கூட்டம் என்றால் வெளியே வரிசை. வருஷத்துக்கு ஆறு தடவை பறக்கிற வியாபாரிக்கு இது லாபம். ஒரே தடவை பறக்கிறவனுக்கு நஷ்டம். அந்த ஒன்றும் இல்லாதவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

அத்தான் சொல்லும் "ஃப்ரீ டிக்கெட்" வருவது, புதிதாகச் சேருகிறவனுக்குத் தரும் வரவேற்பு பாயிண்டில். அந்தப் பாயிண்டை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். அங்கேதான் தூண்டில் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் 10,000 டாலர் போலச் செலவு செய்தால்தான் பெரிய பங்கு கிடைக்கும். சில சமயம் மீதிப் பங்கை இரண்டாம் வருஷத்தில் தருவார்கள், அதாவது 799 இன்னொரு தடவை கட்டிய பிறகு. சலுகை அடிக்கடி மாறும், அதனால் விண்ணப்பிக்கிற அன்றைய தாளைத்தான் படிக்க வேண்டும். மளிகை, போன், மற்ற சில்லறை எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 1,100 டாலர் கார்டில் போகும். மூன்று மாதத்துக்கு 3,300. மீதி 6,700க்கு எங்கே போவது? வாடகையை வீட்டுக்காரர் கார்டில் வாங்க மாட்டார். இடையில் ஒரு கம்பெனி வழியாகக் கட்டலாம், ஆனால் அவன் தனியாகக் கட்டணம் எடுத்துக்கொள்வான். போதாததற்கு அமெக்ஸை எல்லாக் கடையும் வாங்குவதில்லை. காஸ்ட்கோ என்ற பெரிய கடையில் இங்கே கிரெடிட் கார்டு என்றால் மாஸ்டர்கார்டு மட்டும்தான்.

அடுத்தது, "சீர்ப் பணத்தை அந்த கார்டிலேயே அனுப்பு, அதற்கும் பாயிண்ட் வருமே" என்ற யோசனை. அக்கா, இதை மட்டும் அத்தானிடம் இரண்டு தடவை வாசி. கார்டிலிருந்து பணம் அனுப்புவதை இங்கே ரொக்கம் எடுத்த கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பாயிண்ட் கிடையாது. தனிக் கட்டணம் உண்டு. வட்டி இருபது சதவீதத்துக்கு மேல், எடுத்த அன்றிலிருந்தே ஓடும். கடையில் பொருள் வாங்கினால் பில் வந்து குறைந்தது 21 நாள் வட்டியில்லா அவகாசம் சட்டப்படி உண்டு, முழுப் பணத்தையும் கட்டிவிட்டால். ரொக்கத்துக்கு அந்த அவகாசம் ஒரு நாள்கூட இல்லை.

சரி, ஊருக்கு வந்து கும்பகோணத்திலேயே கார்டைத் தேய்த்து நகை வாங்கினால்? 1,20,000 ரூபாய்க்கு வாங்குவதாக வை, 2,000 டாலர். இந்த கார்டு வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 சதவீதம் கூடப் பிடிக்கும், அது 50 டாலர். நகைக்கடையில் டாலருக்கு ஒரு பாயிண்ட், மொத்தம் 2,000 பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு ஒரு சென்ட் என்றால் 20 டாலர். சாமர்த்தியமாக இரண்டு சென்டுக்குக் கழித்தாலும் 40. கையிலிருந்து பத்து டாலர் போட்டுப் பாயிண்ட் வாங்கின மாதிரி. கார்டு என்றால் இரண்டு சதவீதம் தனியாகக் கேட்கிற கடைகளும் உண்டு. இன்னொன்று, மெஷினில் "கனடா டாலரா, ரூபாயா" என்று கேட்டால் எப்போதும் ரூபாய்தான் அழுத்த வேண்டும். டாலர் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரன் தன் இஷ்டத்துக்குப் போடுவான். அபுதாபியிலிருந்து வரும் சின்ன மாமாவுக்கும் இதைச் சொல்லிவை, அவர் ஒவ்வொரு தடவையும் திர்ஹாமைத்தான் அழுத்துகிறார்.

அந்த 2,000 டாலரை மாதக் கடைசியில் கட்டாமல் ஒரு வருஷம் இழுத்தால், வட்டி 21 சதவீதம் என்று வைத்தாலே 420 டாலர். சின்னவளுக்கு இன்னொரு ஜோடி தோடு. பில்லிலேயே ஒரு வரி போட்டிருப்பார்கள், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வந்தால் முழுக்கடனும் தீர எத்தனை வருஷம் எத்தனை மாதம் ஆகும் என்று. சட்டப்படி போட்டே ஆக வேண்டுமாம். அந்த வரியை மாதாமாதம் படிக்கிறேன். சும்மா, படிப்பதற்குத்தான்.

அப்படியானால் நல்ல கார்டே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்கோஷியாபேங்க் பாஸ்போர்ட் விசா இன்ஃபினிட் என்று ஒன்று. ஆண்டுக்கு 150 டாலர். வெளிநாட்டுச் செலவுக்கு அந்த 2.5 சதவீதம் கிடையாது. வருஷத்துக்கு ஆறு தடவை லவுஞ்ச். விமானம் தாமதமானால், பெட்டி வராமல் போனால் இன்சூரன்ஸ், டிக்கெட்டை அதே கார்டில் வாங்கியிருந்தால். என் கணக்கில் ஊருக்குப் போய்வருகிற ஆளுக்குப் பிளாட்டினத்தைவிட இதுதான் சரி. ஆனால் வருமானம் வருஷத்துக்கு 60,000 டாலர் காட்ட வேண்டும், தனியாளாக. கணவன் மனைவி சேர்ந்து என்றால் 1,00,000. போன வருஷம் கடைசி நாலு மாதம் கோடவுனில் ஓவர்டைம் இல்லை, அதனால் கொஞ்சம் குறைகிறது. வேறொன்றும் இல்லை, உடம்புக்கு ஓய்வு கிடைத்தது என்று வைத்துக்கொள். அடுத்த வருஷம் பார்க்கலாம். அவசரப்பட்டு விண்ணப்பித்து மறுத்துவிட்டால் அந்த விசாரணை மூன்று வருஷம் எக்விஃபாக்ஸ் என்ற, நம் கடன் வரலாற்றைக் குறித்துவைக்கிற கம்பெனியின் பதிவில் நிற்கும். ஊரில் எத்தனை வருஷம் ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் அது பெரும்பாலும் இங்கே செல்லாது. 300லிருந்து 900 வரை போகிற கடன் மதிப்பெண்ணை இங்கே வந்து ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

அதனால் இப்போதைக்கு என்னிடம் உள்ள கட்டணமில்லா கார்டே போதும். ஊர்ச் செலவுக்குப் பணத்தை முன்னாலேயே என் வங்கிக் கணக்கிலிருந்து அங்குள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு, அனுப்பிவிட்டு, அந்த வங்கி டெபிட் கார்டைத் தேய்த்தால் 2.5 சதவீதம் மிச்சம்.

பெரியவர் ஒன்று சொன்னார், அது உண்மை. ஏர் கனடாவின் ஏரோபிளான் என்ற பாயிண்ட் திட்டத்தில் சேரக் காசு கிடையாது. ஏர் இந்தியா, லுஃப்தான்சா டிக்கெட்டுக்கும் அதில் பாயிண்ட் சேர்க்கலாம். குடும்பத்தில் எட்டுப் பேர் வரை ஒரே உண்டியலில் போடலாம். பதினெட்டு மாதம் எதுவும் அசையாமல் கிடந்தால் காலாவதி. பாயிண்டில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரி கட்ட வேண்டும், வேறு கம்பெனி விமானமானால் 39 டாலர் பதிவுக் கட்டணம் தனி. அப்படி எடுக்கும்போது டொரன்டோவிலிருந்து சென்னை வரை ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும். டெல்லி வரை ஒன்று, அங்கிருந்து தனியாக ஒன்று என்று எடுத்தால், இங்கிருந்து 23 கிலோ பெட்டி இரண்டோடு கிளம்பியவனை டெல்லியில் 15 கிலோதான் என்று நிறுத்தி, மீதிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் கேட்க நாதியில்லை.

அம்மாவை இங்கே கூட்டிவர கார்டு இன்சூரன்ஸ் உதவுமா என்று கேட்டிருந்தாயே, உதவாது. அது கார்டுக்காரன் வெளியூர் போனால் அவனுக்கு. அப்பா அம்மாவுக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். முதலில் எனக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாக இங்கே இருக்கிற அனுமதி, வரட்டும்.

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் அக்கா, மணி இரண்டாகிவிட்டது. லவுஞ்சில் என்ன இருக்கப் போகிறது, ஒரு நாற்காலியும் ஆறிப்போன நூடுல்சும். நான் கிளம்புகிற அன்றைக்கு அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிரித்தபோது பக்கத்து இருக்கைக்காரர்கூட மோந்து பார்த்தார். இங்கே கடையில் வாழையிலை கிடைக்கிறது, உறைய வைத்தது. எடுத்து வெளியில் வைத்தால் கறுத்துப்போகிறது, வாசமே வருவதில்லை. காவேரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது முகத்தில் அடிக்குமே ஒரு ஈரக்காற்று, அது எந்த நேரத்தில் நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியவில்லை. நேற்று பனி தள்ளும்போது வந்தது.

சம்பா அறுத்தாயிற்றா? மெஷின் கிடைத்ததா, இல்லை போன தடவை மாதிரி ஈரத்தோடு கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துக் காவல் கிடக்கிறாரா அத்தான்? சித்தப்பா வாய்க்கால் வரப்பை இன்னும் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். சண்டைக்குப் போக வேண்டாம், நான் வந்ததும் சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம்.

காதுகுத்துக்கு வருவேன். சித்தப்பா மகனும் முறைக்கு மாமன்தான், அவன் மடியில் உட்கார வைத்தால் ஆகாதா என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன், மேலே தெரிகிறதா? சின்னவள் என் மடியில்தான் உட்கார வேண்டும். மூன்று வாரம் தங்க முடியாது, பத்து நாள்தான். தேதியை வைகாசி முதல் வாரத்துக்குள் குறிக்கச் சொல். ஜூன் பாதிக்கு மேல் இங்கே பள்ளி விடுமுறைக் கூட்டம் ஆரம்பித்து டிக்கெட் விலை ஏறிவிடும். பெரியவனுக்கும் பள்ளி திறந்துவிடும். பூசாரியிடம் மாசிக்குள் கேட்டுச் சொன்னால் பங்குனியில் டிக்கெட் எடுத்துவிடுவேன்.

தோடு ஒரு பவுனுக்குள் இருக்கட்டும். பட்டுப்பாவாடை, மாலை, தேங்காய் பழத் தட்டு பதினொன்று என் செலவு. தட்டு இருபத்தொன்றாக வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னால், நீயே பேசிச் சமாளி. அம்மாவின் இடது கண்ணுக்கு எப்போது ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார்? காதுகுத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் பணம் எவ்வளவு என்று அத்தானை மெசேஜ் போடச் சொல், சீருக்கு முன்னால் அதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு. வரும்போது பெரியவனுக்கு ஷூ வாங்க வேண்டும். ஒரு காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. நீளத்தை சென்டிமீட்டரில் எழுது, போன தடவை ஜானில் எழுதியிருந்தாய்.