கபாலம் வேறு, கபாலா வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில், குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடக்கும் கபாலா (யூதர்களின் மறைஞான மரபு) வகுப்பைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். இரண்டு நாள் வகுப்பு, சாப்பாடு தங்கல் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய், முடிவில் கையில் சிவப்புக் கயிறு. போன வாரம் அதற்குப் பதிலாக ஒரு வாசகர், யூதர்களுடைய ரகசியம் யூதர்களுக்குத்தான், வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்று அவர்களே தடை வைத்திருக்கிறார்கள், நமக்கு எதற்கு அந்த வம்பு என்று எழுதியிருந்தார். எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பண்டிதன் கிடையாது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. பக்கத்துத் தெருவில் ஒரு ஆயர் ஐயா இருந்தார், இறையியல் கல்லூரியில் யூதர்களின் வேத மொழியான எபிரேயம் படித்தவர். மழைக்காலச் சாயங்காலங்களில் அவரிடம் உட்கார்ந்து அந்த 22 எழுத்தையும் கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் திணறல்தான்.

முதலில் அந்தக் கட்டுரையில் வந்த ஒரு வரி. கபாலா என்ற சொல்லே நம்முடைய கபாலத்திலிருந்து போனதுதான் என்று வகுப்பு எடுப்பவர் சொன்னதை அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். அது எபிரேயச் சொல்லுங்க. பெற்றுக்கொள்வது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, குருவின் வாயிலிருந்து சீடன் பெற்றுக்கொள்வது. மண்டையோட்டுக்கும் மயிலாப்பூருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்றைக்கும் இஸ்ரேலில் பணம் கட்டினால் கொடுக்கிற ரசீதுக்குக் கபாலா என்றுதான் பெயர். என் அக்கா மகன் அந்த வகுப்புக்குப் போய் வந்தவன். 6,500-க்கு ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

அங்கே அவனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, ஆலெஃப் 1, யோத் 10, கடைசி எழுத்து தாவ் 400. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே தொகை வரும் இன்னொரு சொல்லோடு சேர்த்து வேத வசனத்துக்குப் பொருள் பார்ப்பது கெமத்ரியா. உயிருள்ளது என்று பொருள்படும் சொல்லைக் கூட்டினால் 18 வரும், அதனால் யூதர்கள் மொய் வைத்தாலும் தர்மம் கொடுத்தாலும் 18, 36 என்று கொடுப்பார்கள். இந்த வகுப்பில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், அவனுடைய தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதச் சொல்லி, அந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு எபிரேய எண்ணைப் போட்டு, கூட்டுத்தொகை சரியில்லை என்று நடுவில் ஒரு எச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். நம்மிடமும் எழுத்துக்கு எண் இருக்கிறது. அ என்றால் 8, வ என்றால் கால், அதை வைத்துத்தான் ஔவையார் 'எட்டேகால் லட்சணமே' என்று அவலட்சணத்தைத் திட்டினார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதைப் படித்துவிட்டு எவனாவது பெயரை மாற்றிக்கொண்டானா?

சக்கரக் கதை இன்னும் வேடிக்கை. கபாலாவில் பத்து செபிரோத், அதாவது எல்லையற்ற இறைவன் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் பத்து நிலைகள். வகுப்பில் அதை நம்முடைய ஏழு சக்கரத்தோடு பொருத்தியிருக்கிறார்கள், மிச்சம் மூன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே நிறுத்திவிட்டார்களாம்!

இந்த விஷயம் எனக்கு ஏன் சுருக்கென்று தைக்கிறது என்றால், நாங்கள் படுகர், இந்த மலையில் எங்களையும் தோடர்களையும் பார்த்து வெளியாள் எழுதிய கதை கொஞ்சநஞ்சமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்களில் சிலர் தோடர்களின் தாடியையும் மூக்கையும் போர்த்தியிருந்த துணியையும் பார்த்து, இவர்கள் பைபிளில் காணாமல் போன இஸ்ரேல் கோத்திரம்தான் என்று எழுதினார்கள். தோடர்கள் பேசுவது தமிழோடு உறவுள்ள திராவிட மொழி, ஒரு நாள் உட்கார்ந்து காது கொடுத்திருந்தாலே தெரிந்திருக்கும். பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான, 1883-ல் ஊட்டிக்கு வந்து தங்கிய பிளவாட்ஸ்கி அம்மையாரும் தோடர்களை ஏதோ மாயசக்தி படைத்தவர்களாக எழுதினார். அதே அம்மையார்தான் கபாலாவையும் எடுத்துத் தன் பிரம்மஞானக் கலவையில் போட்டுக் கிண்டினார். அந்தக் காலத்தில் லண்டனில் கிடைத்த கபாலா எப்படிப்பட்டது தெரியுமா? எபிரேயத்துக்கு உறவான அரமேய மொழியில் இருந்த, கபாலாவின் முக்கிய நூலான ஸோஹாரின் சில பகுதிகளை 17-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன்காரர் லத்தீனில் போட்டார், 1887-ல் மாதர்ஸ் என்பவர் அந்த லத்தீனை இங்கிலீஷில் போட்டார். அதற்கு மேல் இன்றைக்கு யூடியூப், அதற்கு மேல் தமிழ். ஒரே டீத்தூளை நாலாவது தடவை கொதிக்க வைத்தால் நிறம் கூட இறங்காது, தேயிலைக்காரன் சொல்கிறேன்.

ஏன், எங்கள் படுகர் தெய்வமான ஹெத்தையின் பண்டிகையிலேயே நடந்தது. பேரகணியில் எல்லோரும் வெள்ளை உடுத்தி நிற்கிறோம், கேமராவோடு வந்த ஒருவர் ஏன் வெள்ளை என்று கேட்டார். என் பக்கத்தில் நின்ற பையன் விளையாட்டுக்கு, பனி விழுகிற மாதமில்லையா, பனிக்கு மரியாதை என்று சொல்லிவிட்டான். அடுத்த வருஷம் அது ஒரு பத்திரிகையில் ஆராய்ச்சி போல வந்திருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டிகளில் ஒருத்தரிடமாவது அவர் கேட்டிருக்கலாம்.

சரி, அப்படியானால் வெளியாளே தொடக்கூடாதா? போன வாரக் கடிதக்காரர் அப்படித்தான் சொல்கிறார், அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோடர் பாடல்களை இன்றைக்கு ஆய்வாளர்கள் வரி வரியாகப் படிக்க முடிகிறது என்றால், அதற்குப் பெரிய காரணம் எமனோ என்ற கனடாவில் பிறந்த மனுஷர். 1930-களில் இங்கே வந்து, மொழியைக் கற்று, தோடர்கள் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டு, 1971-ல் பெரிய புத்தகமாகப் போட்டார். வெளியாள்தானே அவரும்.

கபாலா பக்கமும் இதே இரண்டு ரகம் உண்டு. 1486-ல் பீக்கோ என்ற 23 வயது இத்தாலியப் பிரபு 900 கருத்துகளை எழுதி வாதத்துக்கு அழைத்தான். அதில் கபாலாவும் இருந்தது, ஆனால் அதை வைத்து ஏசுவின் தெய்வத்தன்மையை யூதர்களிடமே நிரூபிப்பதுதான் அவன் திட்டம். படிக்கப் போகும் முன்பே விடையைப் பையில் போட்டுக்கொண்டு போனவன். அவனுக்குப் பின்னால் வந்த ராய்க்லின் என்ற ஜெர்மன் வக்கீலும் கிறிஸ்தவர்தான், அவருக்கும் கிட்டத்தட்ட அந்த நோக்கமே. ஆனால் அவர் பேரரசரின் யூத வைத்தியரிடம் மாணவனாக உட்கார்ந்து எபிரேயம் படித்தார், 1506-ல் அந்த மொழிக்கு இலக்கணம் எழுதினார். அப்புறம் யூதர்களின் நூல்களைப் பறித்து எரிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியபோது, 1510-ல் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து வருடம் வழக்கில் அலைந்தார். மொழியைப் படித்தவருக்குத்தான் எரிந்தால் என்ன போகும் என்று தெரிந்திருக்கிறது.

உள்ளே பிறந்துவிட்டால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா என்ன. 20-ஆம் நூற்றாண்டில் கபாலாவை முறையாக ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலம், இளைஞனாக இருந்தபோது ஒரு வயதான யூத அறிஞரின் வீட்டுக்குப் போனார். அலமாரி நிறைய கபாலா நூல்கள். ஆசையாக அதைப் பற்றிப் பேச்செடுத்தால், இந்தக் குப்பையை நான் படிக்க வேறு வேண்டுமா என்றாராம் அந்தப் பெரியவர். பிற்பாடு ஷோலம்தான், ஸோஹார் 2-ஆம் நூற்றாண்டு ரப்பியின் (யூத குருவின்) நூல் இல்லை, 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மோசே தெ லியோன் எழுதியது என்று அதன் அரமேய நடையை வைத்தே காட்டினார். தெ லியோன் 1305-ல் இறந்த பிறகு, மூல ஏட்டைக் கேட்டு வந்தவர்களிடம், ஏடும் இல்லை ஒன்றும் இல்லை, அவர் மண்டையிலிருந்துதான் எழுதினார் என்று அவர் மனைவி சொன்னதாக ஒரு பழைய குறிப்பும் உண்டு. (கபாலத்திலிருந்து வந்தது என்று சொல்ல இது ஒன்றுதான் இடம்.)

தடை விஷயத்துக்கு வருகிறேன். தடைகளில் பெரியவை யூதர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்டவை. 1666-ல், மீட்பர் நான்தான் என்று கபாலாவை வைத்துக் கூட்டம் சேர்த்த சப்பதாய் ஸ்வி மதம் மாறி, நம்பியவர்களையெல்லாம் நடுத்தெருவில் விட்டார். அந்தச் சூடு ஆறாமல்தான் 1756-ல் அன்றைய போலந்தின் ப்ரோடி ஊரில், 30 வயதுக்கு முன் ஸோஹாரையும் 40-க்கு முன் 16-ஆம் நூற்றாண்டு ஞானி லூரியாவின் கபாலாவையும் தொடாதே என்று கட்டுப்பாடு வந்தது. வெளியாளைப் பற்றி, ரப்பிகளின் சட்ட விவாத நூலான தல்மூதில் ஒரே பக்கத்தில் இரண்டு பேச்சு இருக்கிறது. தோரா (யூத வேதம்) படிக்கும் அந்நியன் சாவுக்குரியவன் என்கிறார் ஒரு ரப்பி, படிக்கும் அந்நியன் தலைமை ஆசாரியனுக்குச் சமம் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தடை என்று எழுதுவது நியாயமா?

லூரியாவின் கதையில் உலகம் உண்டாகும்போது ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைகின்றன, பொறிகள் எங்கும் சிதறுகின்றன. யூதன் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது, ஜெபிப்பது, கட்டளைப்படி நடப்பது எல்லாம் அந்தப் பொறிகளை மேலே சேர்க்கும் வேலை. ஓய்வுநாளை எடுத்துவிட்டு இதில் கயிறை மட்டும் உருவி விற்க முடியாது, விற்றாலும் அதற்குப் பெயர் படிப்பு இல்லை. மதிக்கிறவன் படிக்காமலும் மதிக்கலாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1615-ல் இறந்த நெகேமியா மோத்தா என்ற கபாலா ஞானியின் சமாதி இருக்கிறது, எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். அவர்களில் யாரும் கபாலா தெரியும் என்று நோட்டீஸ் அடிக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், அந்தக் கபாலம் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அக்கா மகன் புது எச்சை ஆதாரில் ஏற்ற இரண்டு தடவை குன்னூர் போய் வந்துவிட்டான், கெஜட்டில் மாற்றிக்கொண்டு வா என்கிறார்களாம். கயிறு இலை பறிக்கிற ஈரத்தில் வெளுத்து ரோஸ் கலரில் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.