கெமிக்கல் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்: சென்னைக் கடலோர அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம், பாலவாக்கம், நீலாங்கரை எனக் கடலை ஒட்டிய பகுதிகளில் குடியிருப்போர் சங்கங்களை நடத்தும் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டிடச் சீரமைப்பு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பால்கனி சீலிங்கையும் சன்ஷேடையும் மொட்டை மாடியையும் சரிசெய்துவிட வேண்டும் என்று வருடாவருடம் நீங்கள் கொட்டேஷன் வாங்குகிறீர்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "எஸ்.பி.ஆர். கெமிக்கல் கலந்து பூச்சு, சதுர அடிக்கு இவ்வளவு." அந்த ஒற்றை வரியை ஏற்றுக்கொண்டு வேலையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கெமிக்கல் நல்ல பொருள். ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பர் (சுருக்கமாக எஸ்.பி.ஆர்.) என்ற செயற்கை ரப்பரின் மிக நுண்ணிய துகள்கள் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் திரவம் அது. எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். கலவையில் சேர்த்த பிறகு, சிமென்ட் இறுகுவதற்குக் கொஞ்சம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் காற்றில் உலர்கிறது. அப்போது ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கலவையின் நுண்துளைகளுக்குள் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. புதுக் கலவை பழைய கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்வதும், தண்ணீர் ஊடுருவுவது குறைவதும், பூச்சு சட்டென்று வெடிக்காமல் கொஞ்சம் இழுவை தாங்குவதும் இந்தப் படலத்தால்தான்.

இது நேற்று வந்த சரக்கும் அல்ல. இயற்கை ரப்பர் பாலில் சிமென்டைச் சேர்த்துச் சாலைத் தளம் போடும் முறைக்கு 1923-லேயே பிரிட்டனில் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். (அதற்காகக் கன்னியாகுமரித் தோட்டத்து ரப்பர் பாலை நேரே கலவையில் ஊற்றினால் அது திரிந்து கட்டியாகிவிடும். திரியாமல் நிறுத்த வேறு பொருள் சேர்க்க வேண்டும்.) 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாலத் தளங்களுக்கு மேலே செயற்கை ரப்பர் கலந்த கலவையைப் போட ஆரம்பித்தார்கள்.

பொருள் நல்லதாக இருந்தும் நம் சீலிங் ஏன் இரண்டு மழைக்குள் மறுபடி பெயர்ந்து விழுகிறது? அடுத்த தடவை ஒரு பூச்சு பாளமாக விழுந்தால், குப்பையில் போடும் முன் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியும். பழுப்புத் துருவும் பொடியான பழைய சிமென்டும் அப்பிக்கொண்டு வந்திருந்தால், கெமிக்கல் தன் வேலையைச் செய்திருக்கிறது. செத்துப்போன கான்கிரீட்டைப் போய்க் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மாறாக, பின்பக்கம் வழவழவென்று, நகத்தால் கீறினால் பால் ஏடு போல உரிந்து வந்தால், பழைய கான்கிரீட்டோடு புதுக் கலவை ஒட்டுவதற்காக முதலில் அடித்த ஒட்டுப் பூச்சை வெயிலில் காயவிட்டு, அப்புறம் அதன் மேல் கலவை வைத்திருக்கிறார்கள். காய்ந்துபோன ஒட்டுப் பூச்சு ஒட்டாது. புதுசையும் பழசையும் பிரித்து வைக்கும் தாளாகிவிடும். நான் பிரித்துப் பார்த்த பால்கனிகளில் இந்த இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இரண்டுக்கும் வேர் நாம் கூலி பேசும் விதத்தில் இருக்கிறது. சதுர அடிக் கணக்கில் பேசினால், கண்ணுக்குத் தெரியும் பூச்சுக்கு மட்டும்தான் பணம். தலைக்கு மேல் உளி பிடித்து, கண்ணில் தூசி விழ விழ, கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்கும் கொத்தனாருக்கு அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நாள் முழுக்கக் கொத்தினால் அவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் தொங்குவதை மட்டும் தட்டிவிட்டு, மேலே பூசிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொத்துவதற்கும் கம்பி சுத்தம் செய்வதற்கும் தனி ரேட் கொடுங்கள். வேலை ஆணையிலும் தனித் தனி வரியாக எழுதுங்கள்.

என்ன எழுதுவது? சுத்தியலால் சீலிங் முழுவதும் தட்டிப் பார்த்து, பொக்கைச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட வேண்டும், கமிட்டியில் ஒருவர் முன்னிலையில். துருப்பிடித்த கம்பியைப் பாதியில் விடக் கூடாது, துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளவாக்கில் கொத்திக்கொண்டே போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் அளவுக்கு இடம் எடுத்தால்தான் கலவை கம்பியைச் சுற்றி முழுதாக உட்காரும். கடலோரத்தில் இது இன்னும் முக்கியம். உப்பு ஏறிய கான்கிரீட்டை ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் புதுக் கலவை வைத்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். எந்த ரப்பர் படலமும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

கொத்திய இடத்தின் ஓரத்தைக் கட்டர் வைத்து நேராக வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் மெல்லிசாகத் தேய்த்து முடித்த பூச்சு அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொரு மலிவான சோதனையும் இருக்கிறது. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத இடத்தில் அந்தக் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை இது காட்டாது, அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அப்புறம் பூசும் நாள். முந்தின நாள் மாலையே பழைய கான்கிரீட்டை நன்றாக நனைத்துவிட வேண்டும். காலையில் உள்ளே ஈரம் இருக்கணும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. ஒட்டுப் பூச்சைக் கையகல இடத்துக்கு அடித்து, பிசுபிசுப்பு போகும் முன் கலவையை அழுத்தி வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால் வேலையைக் காலையில் ஆரம்பியுங்கள், வெயில் படும் பக்கத்துக்கு மறைப்புக் கட்டுங்கள். டீ குடிக்கப் போய் வருவதற்குள் காய்ந்துவிட்டதா, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகாது.

அளவு விஷயத்தில் கேனில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. சீரமைப்புக் கலவைக்கு 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 10 லிட்டர் என்பது பொதுவான அளவு. அரை வாளித் தண்ணீரில் ஒரு மக் ஊற்றிக் கலக்கிவிட்டு "கெமிக்கல் போட்டாச்சு" என்றால், போட்டது போட்டதாகாது. இந்தத் திரவத்திலேயே தண்ணீர் இருப்பதால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ரொம்ப நேரம் கலக்கவும் கூடாது, நுரைத்துக் காற்றுக் குமிழ் ஏறிவிடும். காலிக் கேன்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பில்லைக் கொடுங்கள்.

எல்லா வெள்ளைத் திரவமும் ஒன்றல்ல. பாலிவினைல் அசிடேட் வகை ஒட்டுப் பசை, காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். ஏ.எஸ்.டி.எம். சி 1059 என்ற அமெரிக்கத் தர அளவை இதற்காகவே இந்தப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது: ஈரத்தில் மறுபடி இளகுவது முதல் வகை, இளகாதது இரண்டாம் வகை. நனையும் இடத்துக்கு இரண்டாம் வகைதான். பாத்ரூம் தளத்துக்கும் சன்ஷேடுக்கும் முதல் வகையைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். மொட்டை மாடியில் வெயில் நேரடியாகப் படும் கடைசிப் பூச்சுக்கு எஸ்.பி.ஆர்-ஐவிட அக்ரிலிக் வகை தாங்கும். எஸ்.பி.ஆர். போடுவதானால் அதன் மேல் தட்டோடோ கலவைத் தளமோ வர வேண்டும். தண்ணீர் ஓடும் வாட்டத்தைச் சரிசெய்யாமல் எதை அடித்தாலும் வீண்.

பூசி முடித்த பின் வாட்ச்மேனிடம் ஏழு நாள் தண்ணீர் அடிக்கச் சொல்லும் பழக்கம் இங்கே பொருந்தாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஈரச் சாக்கு, அப்புறம் உலர விட வேண்டும். உலர்ந்தால்தான் படலம் முழுமையாகும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். சுத்தம் செய்த கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவு இளைத்திருந்தாலோ, தூணிலோ உத்திரத்திலோ கம்பியின் போக்கிலேயே நீள விரிசல் ஓடினாலோ, அங்கே எந்தக் கெமிக்கலும் வேண்டாம். வேலையை நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வந்து காட்டுங்கள். புதுக் கம்பி சேர்ப்பதா, முட்டுக் கொடுப்பதா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து மேலே பூசி மூடிய பால்கனிக்குக் கீழேதான் உங்கள் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்திலேயே, வந்திருக்கும் கொட்டேஷன்களைத் திருப்பிக் கொடுத்து, கொத்துவது, கம்பி சுத்தம், ஒட்டுப் பூச்சு, கலவை, பூசிய பின் பதப்படுத்துவது என்று வேலைவாரியாக ரேட் கேளுங்கள். மொத்தத் தொகை கூடத்தான் செய்யும். உறுப்பினர்கள் ஏன் என்று கேட்டால், போன தடவை விழுந்த பாளம் ஒன்றை மேஜை மேல் திருப்பி வையுங்கள்.

அன்புடன்,
கட்டிடச் சீரமைப்பு மேற்பார்வையாளர் ஒருவர்